ஓரெழுத்தில் தொங்கும் மானம்

குற்றவாளி என்ற சொல்லுக்கும் சுற்றவாளி என்ற சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரெழுத்தே. இந்நாட்டின் நீதவான் நீதிமன்றங்களிலே நாடோறும் கூண்டேறும் தமிழர் ஒவ்வொருவரும் இவ்விரண்டில் ஒன்றைத் தம் வாயாற் சொல்லியே ஆகவேண்டும். சொல்வதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடமும் இராது. கோடு கச்சேரிப் படியேறாத குடும்பம் என்று பரம்பரைப் பெருமை பேசும் நம்மவர், அந்தப் படியை ஏறவேண்டிய நாள் வந்ததும், முன்பின் பாராது முதற்சொல்லைச் சொல்லித் தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு, எவர் கண்ணிலும் படாமல் வெளியேறுவதிலேயே குறியாயிருக்கின்றனர். இதனைப் பணிவு என்று சிலர் புகழ்வர். நெடுங்காலமாகப் பழக்கிவைக்கப்பட்ட அடிமைத்தனம் என்றே நாம் சொல்வோம்.

நாம் இங்கே பேசவந்தது கொலை, கொள்ளை வழக்குகளைப் பற்றியன்று. மாநகர சபையும் நகர சபையும் பிரதேச சபையும் தத்தம் எல்லைக்குள் தொடுக்கின்ற சிறு வழக்குகளைப் பற்றியே பேசுகின்றோம். அனுமதியின்றி எழுப்பிய மதில், உரிமம் புதுப்பிக்காத தேநீர்க் கடை, சந்தைக்கு வெளியே தெருவோரத்திற் பரப்பி விற்ற மரக்கறி, கட்டாக்காலியாகத் திரிந்த மாடு, தெருவாய்க்காலில் விட்ட கழிவுநீர், வளவுக்குட் கிடந்த சிரட்டையில் நுளம்புக் குடம்பி என்று இவ்வழக்குகள் பலவகைப்படும். 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் முதல் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வரை இவற்றுக்குச் சட்டங்கள் உள்ளன. இவற்றைத் தொடுப்பதற்குப் பொலிசார்தாம் வேண்டும் என்பதுமில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி, உள்ளூராட்சி மன்றத்தின் ஊழியரே எழுத்திலான அறிக்கையொன்றினால் வழக்கைத் தொடங்கலாம். நேற்றுவரை உங்கள் படலையில் நின்று சிரித்துப் பேசிய பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வருமானப் பரிசோதகரோ இன்று எதிர்ப்பக்கத்தில் நிற்பார். அவர்மேற் கோபங்கொள்வதில் அர்த்தமில்லை. அவருடைய கடமை அது. உங்கள் கடமை எது என்பதே கேள்வி.

அழைப்பாணை வந்ததும் நம்மவர் செய்யும் முதற்பிழை, அதை மடித்து வீட்டுக்கூரையிற் செருகிவிடுவது. இரண்டாவது பிழை, "ஆளறிந்த" ஒருவரைத் தேடி ஓடுவது. அழைப்பாணையைப் புறக்கணித்தால் பிடியாணை பிறக்கும். நூறு ரூபாய்க் குற்றமானாலும் பிடியாணை பிடியாணையே. நாற்று நடுகைக் காலத்தில் வயலிலே நிற்பவரைச் சேற்றுக்காலோடு அழைத்துச் செல்லவும் அது போதும். ஆதலால் குறித்த நாளில் குறித்த மன்றுக்குப் போதல் வேண்டும். போகும்போது அழைப்பாணையையும், சபை முன்னர் அனுப்பிய அறிவித்தல்களையும், கட்டிய பற்றுச்சீட்டுகளையும், கைவசமிருக்கும் அனுமதிப் பத்திரங்களையும் கையோடு கொண்டு போகவேண்டும். அனுமதி பெற்றிருந்தேன் என்று ஒருவர் சொல்வாரானால் அதை எண்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவரையே சாரும். தமக்கு மட்டும் விசேடமாகத் தெரிந்த செய்தியைத் தாமே நிரூபிக்கவேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் விதி.

காலையில் மன்று கூடியதும் பெயர்கள் கூப்பிடப்படும். வழக்குகள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் மின்னலெனக் கழியும். எதிரி கூண்டில் ஏறியதும் முதலியார் குற்றச்சாட்டை வாசிப்பார். எக்குற்றம், எச்சட்டத்தின் எப்பிரிவு, எந்நாளில், எவ்விடத்தில் என்பவையெல்லாம் அக்குற்றச்சாட்டில் அடங்கியிருக்கவேண்டும் என்று சட்டம் விதிக்கின்றது. ஏன்? தாம் எதற்கு விடையிறுக்கின்றோம் என்று எதிரி அறியவேண்டும் என்பதற்காகவே. அதன் பின்னர், குற்றவாளியாக்கப்படாமைக்குக் காரணமேதும் உண்டா என்று கேட்கப்படும். 182ஆம் பிரிவு சொல்லும் முறை இது. இவ்விடத்திலேதான் நம் கமக்காரரும் கடைக்காரரும், ஏன், படித்த உத்தியோகத்தரும் ஆசிரியருங்கூட, கேள்வி முடியுமுன்னரே தலையை ஆட்டிவிடுகின்றனர்.

தலையை ஆட்டியதன் பொருள் என்ன? 183ஆம் பிரிவைப் பாருங்கள். எதிரி நிபந்தனையின்றிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கூற்றைச் செய்தால், அதை இயன்றவரை அவருடைய சொற்களிலேயே பதிந்து, நீதவான் குற்றத்தீர்ப்பு எழுதித் தண்டனை விதிப்பார். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, சபையின் ஊழியர் எதையும் நிரூபிக்கவேண்டியதுமில்லை. தண்டனை விதிக்கப்படுமுன் மன்றின் அனுமதியோடு அவ்வொப்புதலை மீளப்பெறலாம் என்று சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. ஆனால் அக்கதவு இருப்பதை எதிரி அறிவதற்குள் அடுத்த பெயர் கூப்பிடப்பட்டுவிடும். ஒப்புக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு வழியும் மிகமிகக் குறுகிப்போகும்.

"ஒத்துக்கொள் அண்ணை, சின்னத் தண்டந்தான், பத்து மணிக்கே வீட்டுக்குப் போகலாம்." மன்றத்து வாசலில் இவ்வுபதேசத்தைக் கேளாத எதிரி உண்டோ? சொல்பவர் சிலவேளை பொலிசுக்காரர், சிலவேளை தரகர், சிலவேளை, வெட்கத்தோடு எழுதுகின்றோம், கறுப்புக் கோட்டணிந்தவர். தண்டம் சிறிதென்பது மெய். அதனோடு ஒட்டிவரும் ஏனையவை சிறியனவா என்று கேட்பாரில்லை. அனுமதியில்லாக் கட்டடமென்றால், தண்டத்தோடு முடியாது. அதனை இடித்தகற்றும் கட்டளை பின்தொடரலாம். நகர அபிவிருத்தி அதிகாரசபைக்குட்பட்ட பகுதிகளில், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் 28அ பிரிவின்கீழ் அக்கட்டளையை நீதவானிடமே பெறமுடியும். தொடர்ந்து நீடிக்கும் குற்றமென்றால், குற்றத்தீர்ப்புக்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தண்டம் விதிக்க உபவிதிகள் பலவும் இடந்தருகின்றன. அடுத்த ஆண்டு இன்னொரு வழக்கு வந்தால், நீங்கள் புதிய எதிரியல்லர், முன்னரே குற்றவாளியாகக் காணப்பட்டவர். பிள்ளையை வெளிநாடனுப்பப் பொலிசுச் சான்றிதழ் கேட்கும் நாளிலோ, அரச சேவையில் பதவியுயர்வு வரும் நாளிலோ, என்றோ மறந்துபோன அத்தலையாட்டல் ஏட்டிலிருந்து எழுந்து வந்து நிற்பதுமுண்டு.

நிற்க. குற்றம் செய்தவரும் சுற்றவாளியென்று வழக்காடவேண்டும் என்று நாம் போதிப்பதாக எவரும் திரித்துக் கூறவேண்டா. மாடு அயலவன் பயிரை மேய்ந்ததென்றால், கழிவுநீரைத் தெருவில் விட்டதென்றால், அதை ஒப்புக்கொள்வதே நேர்மை. நேரமும் பணமும் மிச்சமாகும். மூன்று தவணைக்கு மூன்று நாட் கூலியை இழந்து, சட்டத்தரணிக்கும் கொடுத்து, ஈற்றில் அதே தண்டத்தைக் கட்டுவது அறிவுடைமையன்று. ஆனால் ஒப்புக்கொள்பவர் எதை ஒப்புக்கொள்கின்றார் என்று தெரிந்து ஒப்புக்கொள்ளட்டும். ஒப்புக்கொள்ளும்போதும் வாயிருக்கின்றது. முதற்குற்றம், குறையைத் திருத்திவிட்டேன், குடும்பநிலை இது என்று மன்றுக்குச் சொல்லலாம். தக்க வழக்கில் குற்றத்தீர்ப்பு எழுதாமலே நன்னடத்தை நிபந்தனையின்மேல் விடுவிப்பதற்கு 306ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரமளித்திருக்கின்றது. தண்டப்பணத்தைக் கட்டத் தவணையும் பகுதிபகுதியாகக் கட்ட அனுமதியும் கேட்கலாம். கேளாதவருக்கு இவற்றை எந்த நீதவான் வலிந்து கொடுப்பார்? பணங்கட்டத் தவறினால் மறியல் என்ற வாசகத்தையும் தண்டனையோடு சேர்த்தே வாசிப்பார்கள். அதை மட்டும் நம்மவர் காதில் வாங்குவதேயில்லை.

இனி, சுற்றவாளி என்று சொன்னவருக்கு என்ன நேரும்? வானம் இடிந்து விழாது. இத்தகைய சிறுவழக்குகளிற் பிணை பெரும்பாலும் தடையின்றிக் கிடைக்கும். பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்று 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் தெளிவாகவே கூறுகின்றது. விளக்கத்துக்குத் தவணை குறிக்கப்படும். அன்று சபையின் ஊழியர் சாட்சிக் கூண்டிலேறிச் சத்தியஞ்செய்து, தாம் கண்டதை நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும். உங்கள் சட்டத்தரணி அவரைக் குறுக்கு விசாரணை செய்வார். சட்டத்தரணி இல்லையேல் நீங்களே கேட்கலாம். எவ்வுபவிதியின்கீழ் வழக்கு? அவ்வுபவிதி அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியானதா? மாதிரி உபவிதியெனின், அதை இச்சபை தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்டதா? எந்நாளில்? அறிவித்தல் எவரிடம் ஒப்படைக்கப்பட்டது? அளவெடுத்தவர் யார்? இக்கேள்விகளுக்கு விடைதர முடியாமல் திணறும் சபைகள் எத்தனையோ! கோப்பைத் திறந்து பாராமலே வழக்குத் தொடுப்பவர்கள், கேட்பார் இல்லையென்ற துணிவிலேயே தொடுக்கின்றனர். தீர்ப்பு எதிராயின் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவைக் கொடுக்கவேண்டும். 1990ஆம் ஆண்டு முதல் அம்மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்திலே கேட்கப்படுகின்றது. கொழும்புக்கு ஓடவேண்டிய காலம் போய்விட்டது.

இவையெல்லாம் தமிழில் நடக்கும் மன்றுக்கு. பிறமொழியில் நடக்கும் மன்றிலே தமிழரின் நிலை என்ன?

1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தை நம் மக்கள் மறந்துவிடவில்லை. ஆனால் அதன் குட்டியாகிய 1961ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நீதிமன்ற மொழிச் சட்டத்தைப் பலர் மறந்துவிட்டனர். அவ்வாண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தொண்டர்கள் அமர்ந்து அடியுண்டது, தபாற்கந்தோர் மொழிக்காகவும் கச்சேரி மொழிக்காகவும் மட்டுமன்று. தமிழன் தன் மேற் சுமத்தப்படும் குற்றத்தைத் தன் மொழியிற் கேட்கவேண்டும் என்பதற்காகவும்தான். 1973ஆம் ஆண்டு சிறப்பேற்பாடு என்ற பெயரில் வடக்கு கிழக்குக்குச் சிறிது கொடுத்தார்கள். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தமும், 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தமும் வந்தபின், சிங்களமும் தமிழும் இலங்கை முழுவதிலும் நீதிமன்ற மொழிகள் என்று 24ஆம் உறுப்புரையில் எழுதப்பட்டுள்ளது. தமிழ் நிருவாக மொழியாயுள்ள இடங்களில் மன்றின் நடவடிக்கை தமிழில். ஏனைய இடங்களிற் சிங்களத்தில். எனினும் எங்கிருந்தாலும், மன்றின் மொழியை அறியாத தரப்பினர், தமக்கு விளங்கும் மொழியில் உரைபெயர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் அரசின் செலவிலே பெற உரித்துடையவர். வழக்கேட்டிற் பெறத்தக்க பகுதியின் பிரதியையும் அம்மொழியிலே கேட்கலாம். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும், விசாரணையின் மொழி விளங்காத எதிரிக்கு உரைபெயர்ப்பாளரின் உதவி உரிமை என்று மீண்டும் உறுதிசெய்தது.

ஏட்டிற் சுரைக்காய் கறிக்குதவுமா? மலையகத்திலே, கொழும்பிலே, தென்மேற்கிலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியும் வெள்ளவத்தைக் கடைக்காரரும் சிங்களத்தில் வாசிக்கப்படும் குற்றச்சாட்டுக்குத் தலையாட்டி நிற்பது இன்றும் காணும் காட்சி. முதலியார் இரண்டு மொழியும் அறிந்தவராயின் நல்லூழ். அல்லவெனின், அருகில் நிற்கும் பொலிசுக்காரரே, அதாவது வழக்குத் தொடுத்த பக்கத்தைச் சேர்ந்தவரே, "உன்னைக் கேட்கிறார், செய்தாயா?" என்று ஒரு வரியில் மொழிபெயர்த்துவிடுவார். வழக்காளியின் ஆளே எதிரியின் செவியும் வாயுமாகும் இவ்வநீதியை எந்நாட்டு நீதி ஒப்பும்? இவ்விடத்தில் எதிரி சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: "எனக்கு இம்மொழி விளங்கவில்லை. தமிழில் வேண்டும்." இதைச் சொல்வதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. உரைபெயர்ப்பாளர் அன்று இல்லையாயின் வழக்கைத் தவணையிடுமாறு கேட்க வேண்டும். இன்னொரு நாள் வரவேண்டியிருக்குமே என்று தயங்கினால், அத்தயக்கத்தின்மேலேயே இவ்வமைப்பு முழுவதும் நின்று கொண்டிருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ளுக.

தமிழ்ப் பகுதியிலே மட்டும் எல்லாம் செம்மையோ? மன்று தமிழில் நடக்கின்றது. மன்றுக்கு வருமுன் பொலிசு நிலையத்தில் எழுதப்படும் வாக்குமூலமோ பல நிலையங்களிற் சிங்களத்தில். விளங்காத எழுத்தின்கீழ்க் கையொப்பமிட்டுவிட்டு வந்து, "என்ன எழுதினார்களோ தெரியாது ஐயா" என்று நம்மிடம் சொல்பவர் பலர். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டவேண்டும், எழுதிய மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கவேண்டும், அவர் திருத்தவும் சேர்க்கவும் விட்டபின்னரே கையொப்பம் பெறவேண்டும் என்பது சட்டம். விளங்கவில்லையெனின் கையொப்பமிடுமுன் அதைச் சொல்லவேண்டும். கையொப்பத்தின் பக்கத்திலே தமிழில் அதை எழுதியும் விடலாம். பொலிசாருக்குச் செய்த குற்றவொப்புதல் எதிரிக்கெதிரான சான்றாகாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. "அங்கே ஒத்துக்கொண்டுவிட்டேனே, இங்கே மாற்றிச் சொன்னால் குற்றமாகிவிடுமோ" என்று அஞ்சி மன்றிலும் தலையாட்டுபவர்கள் இதனை மனத்திலே பதித்துக்கொள்வார்களாக.

நம் தொழிலைச் சேர்ந்தோரைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லாவிடில் இக்கட்டுரை ஓரஞ்சொன்னதாகும். ஒவ்வொரு எதிரியும் சட்டத்தரணியால் எதிர்வாதஞ் செய்யப்பட உரித்துடையவர் என்று 260ஆம் பிரிவு கூறுகின்றது. உரிமை இருக்கின்றது. காசு இல்லாதவருக்கு ஆள் எங்கே? 1978ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. அதன் அலுவலகம் எங்கிருக்கின்றதென்று நம் கிராமத்தவரிற் பத்துப்பேரைக் கேட்டால் ஒருவர் சொல்வாரா? மொழியுரிமைக்காக மேடையிலே முழங்கும் சட்டத்தரணிகள், மறுநாட் காலையில் மன்றிலே தம் கட்சிக்காரரைத் திரும்பியும் பாராது நீதவானோடு ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை பேசி ஒப்புதல் சொல்லிவிட்டு அடுத்த மன்றுக்கு விரைவதைக் காண்கின்றோம். எதிரி வெளியே வந்து, "எனக்கு என்ன நடந்தது?" என்று முதலியாரைக் கேட்கின்றார்! நம் கட்சிக்காரரே அறியாத மொழியில் அவருடைய குற்றத்தை ஒப்புக்கொடுக்கும் நமக்கு, சிங்களத்தில் குற்றச்சாட்டு வாசிப்பவனைக் குறைகூற முகமுண்டோ? ஒவ்வொரு மன்றத்திலும் உள்ள சட்டத்தரணிகள் சங்கம், முறைவைத்து நாளொன்றுக்கு ஒருவரை இச்சிறு வழக்கு எதிரிகளுக்காகக் காலை நேரத்தில் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம்? வரிவிதிப்பு வழக்குகளிற் குவியும் பணத்துக்கு இதனாற் குறைவொன்றும் வந்துவிடாது.

ஈற்றில், நம்மவரே ஆளும் சபைகள். 2023 மார்ச்சிலிருந்து இரண்டாண்டுக்கும் மேலாக மக்கட் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளால் நடத்தப்பட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடந்தது. தமிழ் மக்கள் தமிழரையே தெரிந்தனுப்பினர். கொழும்பு ஆளவந்தாரின் கொடுமையை எதிர்த்து வாக்குக் கேட்டவர்கள், ஆசனத்தில் அமர்ந்தபின், தெருவோரத்திற் கீரைக்கட்டு விற்கும் விதவையைக் கூண்டிலேற்றுவதற்கு அதே 136ஆம் பிரிவைத்தானே எடுக்கின்றனர்? சட்டத்தை நிறைவேற்றவேண்டா என்று நாம் சொல்லவில்லை. நுளம்பு பெருகினால் டெங்கு கொல்வது ஏழையைத்தான். வடிகால் அடைத்தால் வெள்ளம் நிற்பதும் அவன் முற்றத்திற்றான். ஆனால் ஒன்றை மறவாதிருக்கவேண்டும். நீதிமன்றத் தண்டப்பணம் மாகாண நிருவாகத்தின் வழியாக உள்ளூராட்சி மன்றங்களின் நிதிக்கே திரும்பி வருகின்றது. முறைப்பாட்டாளரின் பெட்டிக்கே தண்டம் போய்ச்சேருமானால், வழக்கு நீதிக்காகவா வரவுசெலவுத் திட்டத்துக்காகவா என்ற ஐயம் மக்களுக்கு எழத்தான் செய்யும். அவ்வையத்தை நீக்குவது சபையின் கடன்.

எப்படி நீக்குவது? உபவிதிகளை வர்த்தமானி நாளோடு தெளிந்த தமிழில் அச்சிட்டுச் சந்தையிலும் வாசிகசாலையிலும் ஒட்டலாம். முதன்முறை எச்சரித்து, திருத்த அவகாசம் கொடுத்து, அதற்குப் பின்னரே மன்றுக்குப் போகலாம். சந்தைக்கு வெளியே விற்பவரைக் கூண்டிலேற்றுமுன், சந்தைக்குள்ளே அவருக்குக் கட்டுப்படியாகும் இடமுண்டா என்று குத்தகைக் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். இவற்றுக்குக் கொழும்பின் உத்தரவு வேண்டியதில்லை, புதிய அரசியலமைப்பும் வேண்டியதில்லை. மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

கடந்த ஆண்டில் இச்சபை எத்தனை வழக்குத் தொடுத்தது, அவற்றில் எத்தனைபேர் சட்டத்தரணியின்றி ஒப்புக்கொண்டனர், எத்தனை வழக்கில் முன்னெச்சரிக்கை அறிவித்தல் தமிழில் கொடுக்கப்பட்டது, தண்டமாக வந்த தொகை எவ்வளவு? நம் கட்சி உறுப்பினர், மாற்றுக்கட்சி உறுப்பினர் என்ற பேதமின்றி, அடுத்த கூட்டத்தில் இக்கேள்விகளை எழுப்பும் உறுப்பினர் எவரென்று பார்ப்போம். விடையோடு எழுதினால், தவிசாளர் எக்கட்சியினராயினும் அதனை இவ்வேட்டிலே வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.